நாற்பத்தெட்டு நாள் பத்தியம்

பிப்ரவரி 27

மதுரை டாக்டரம்மா நாட்குறிப்பு எழுதச் சொல்லிவிட்டார். எந்த நேரத்தில் சோர்வு, எந்த விரலில் மரமரப்பு, பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்துக்கொண்டு போக வேண்டுமாம். இருமல் மருந்துக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சளியை விரட்டும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு இல்லாதது அது ஒன்றுதான்.

நோயாளியை முறைப்படி அறிமுகப்படுத்திவிடுகிறேன். மங்கையர்க்கரசி, வயது 44, டி.பார்ம். ஒட்டன்சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே வேலரசி மெடிக்கல்ஸ். வேல் என்பது என் வீட்டுக்காரர் வேலாயுதம். மில் மூடிய பிறகு கல்லாவில் உட்காருகிறார். நோயின் பெயர் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ். ஒயரின் மேலுள்ள ரப்பரை எலி கடிப்பதுபோல, நரம்பின் மேலுறையை உடம்பே கடித்துத் தின்கிறது என்று டாக்டரம்மா விளக்கினார். எலியும் நான், ஒயரும் நான். மூன்று வருடமாக வலது கால் இழுக்கிறது. விரல்கள் மரத்துப்போகின்றன. வெயில் ஏறினால் கண் மங்குகிறது. ஒட்டன்சத்திரத்தில் வெயில் ஏறாத மாதம் எது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை தோறும் தொடையில் ஒரு ஊசி. ஞாயிறு முழுக்கக் காய்ச்சலும் நடுக்கமும். இவ்வளவு பட்டும் குணமாகாது, மோசமாகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஊரில் யாருக்கும் தெரியாது. கவுண்டருக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் காலை யார் பார்க்கிறார்கள்? மருந்து விற்கிறவளே நொண்டுகிறாள் என்றால் எவர் வந்து வாங்குவார்.

இன்று சோர்வு: பத்துக்கு ஏழு. மீதி மூன்று ஸ்டாக் எடுக்கத் தேவைப்பட்டது.

மார்ச் 4

யாருக்கும் தெரியாது என்று எழுதினேன் அல்லவா, இவர் தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அதாவது இப்போது மூன்று தாலுகாவுக்குத் தெரியும்.

அந்த அக்கா, என் நங்கையா, காலையிலேயே தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். "ஏங்கண்ணு, நரம்புத் தளர்ச்சின்னா வாயத் தொறந்து சொல்றதில்லையா?" என்றார், கடையில் நான்கு பேர் நிற்கும்போது. அதில் இரண்டு பேர் இவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

வேடசந்தூர் தாண்டி குழந்தைசாமி என்று ஒரு வைத்தியராம். நாற்காலியை விட்டு எழாத ஒரு மில் முதலாளியின் மாமியார், அவர் பொடியைத் தின்றுவிட்டுப் பழனி மலை ஏறினாராம். இப்படிப்பட்ட கதைகளில் யாராவது ஒருவர் எப்போதும் படியேறுகிறார். அவருடைய பெயரையும் போன் நம்பரையும் கேட்டால் மட்டும் சத்தமில்லாமல் இறங்கிவிடுகிறார்.

"வேண்டாங்க நங்கையா. நான் படிச்சவ."

"படிச்சுத்தான் மூணு வருசமா ஊசி குத்திக்கிட்டு மொடங்கிக் கெடக்கற?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. அவர் போன பிறகுதான் வந்தது.

மார்ச் 8

ஊசிக் காய்ச்சலோடு வைத்தியரிடம் போய்விட்டு வந்தோம். காரணம் எளிது. இவர் நேற்று ஊசி மருந்தைப் பிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மண்டலந்தான் அரசி. எனக்காக." கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் 'எனக்காக' என்று இந்த மனிதர் கேட்ட முதல் பொருள் இது. ஒரு சட்டைகூடக் கேட்டதில்லை.

வைத்தியர் ஒரு கையால் என் நாடியைப் பிடித்தார், மறு கையால் போனில் வாழைத்தார் விலை பேசினார். நாடிக்கு அரை நிமிடம், தாருக்குப் பத்து நிமிடம். பிறகு பத்தியம் சொன்னார். கத்திரிக்காய் கூடாது, தக்காளி கூடாது, புளி கூடாது, பூசணி, முருங்கை, மாங்காய், கருவாடு, தாளிதம் எதுவும் கூடாது. தமிழ்நாட்டுக்கே காய்கறி அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு நான் இனி கஞ்சியும் பாசிப்பருப்பும் தின்ன வேண்டும். கடைசியாக, "இங்கிலீசு மருந்தும் கூடாதுங்க. ரெண்டும் உள்ள போனா சண்ட போடும்" என்றார்.

தலையாட்டினேன். மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். இவருக்காகப் பொடி, எனக்காக ஊசி.

மார்ச் 9

முதல் நாள். காலையில் ஒரு பொட்டலம், மாலையில் ஒன்று, தேனில் குழைத்து. சுக்கு, திப்பிலி, அதற்கு அடியில் வேறொரு கசப்பு. நாக்குக்குப் பழக்கமான கசப்புதான், எங்கே என்று பிடிபடவில்லை.

பலன்: ஏப்பம்.

மார்ச் 12

மேல் ரேக்கில் இருந்த குளுக்கோஸ் டப்பாவை நானே ஸ்டூல் மேல் ஏறி எடுத்தேன். இறங்கிய பிறகுதான் உறைத்தது. தற்செயல்.

மார்ச் 14

சனிக்கிழமை. ஊசி போடவில்லை. நாளை நங்கையா வீட்டில் விருந்து, காய்ச்சலோடு போய் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது. திங்களன்று போட்டுக்கொள்ளலாம்.

மார்ச் 16

மாத்திரை லோடு வந்துவிட்டது. இன்று முடியவில்லை.

மார்ச் 21

சனிக்கிழமை. பிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்று சந்தேகம். கெட்டுப்போன மருந்தைப் போட்டுக்கொள்வது ஆபத்து. மருந்துக்கடைக்காரிக்கு இது கூடத் தெரியாவிட்டால் எப்படி?

மார்ச் 26

விடியுமுன் எழுந்து கடையின் ரேக் முழுவதையும் துடைத்து அகர வரிசையில் அடுக்கினேன். களைப்பே இல்லை. காலையில் ஏழு இட்லி சாப்பிட்டேன், சட்னி இல்லாமல். பத்தியச் சாப்பாட்டில் எடை குறையும் என்பார்கள். எனக்கு ரவிக்கை பிடிக்கிறது. தையற்காரி அளவைத் தப்பாக எடுத்திருக்கிறாள்.

பதினொரு மணிக்கு ஒரு பெரியவர் வாய்வு மாத்திரை கேட்டு வந்தார். முகம் நிலாப்போல உப்பி, கன்னம் பளபளத்தது. பார்த்தவுடன் பிடித்துவிட்டேன்.

"மூட்டுவலிக்குப் பொடி சாப்புடறீங்களா?"

"ஆமாங்கம்மா. நல்லாக் கேக்குதுங்க. நல்லாப் பசிக்குதுங்க."

"கேக்கத்தான் செய்யும். உள்ள ஸ்டீராய்டு கலந்திருப்பான். மொகத்தப் பாத்தாலே தெரியுது. திடீர்னு நிறுத்துனா அப்படியே சாஞ்சுருவீங்க. போய்ப் பெரியாஸ்பத்திரில காட்டுங்க."

கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். படித்தவர்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மதியம் இவர் என் முகத்தைப் பார்த்து, "நல்லாத் தெளிஞ்சிருக்க அரசி, பூசுனாப்புல இருக்க" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது, இருந்தது.

ஏப்ரல் 5

வைத்தியர் வீட்டுக்கு இரண்டாம் தடவை. அவர் வீட்டு மாடிப்படியில் ஏறிக் காட்டச் சொன்னார். இருபத்தியொரு படி. கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். மேலே போனதும் கீழே நின்றிருந்த இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைத்தியரின் ஆள் போனில் படம் பிடித்தான்.

ஏறினதோடு நிறுத்தியிருக்கலாம். பேசவும் செய்தேன். நோயின் பெயரைப் பிசகில்லாமல் உச்சரித்தேன். "நானே மருந்துக்கடை வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாத மருந்தில்ல, இதுதான் கேட்டுது" என்று வேறு சொன்னேன். மூன்று வருடம் கவுண்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்த காலை மூன்று நிமிடத்தில் உலகத்துக்கே காட்டிவிட்டேன். ஆறின கால் என்பதால் காட்டலாம் என்று தோன்றிவிட்டது. இனி படியேறும் கதைகளில் வருகிற ஆள் நான்தான். பெயர், ஊர் எல்லாம் உண்டு.

ஏப்ரல் 13

வீடியோ எல்லாக் குழுவிலும் சுற்றுகிறதாம். கரூரிலிருந்து ஒருவர், உடுமலையிலிருந்து இரண்டு பேர் கடையைத் தேடி வந்தார்கள். கவுண்டருக்கு வெளியே வந்து நடந்து காட்டினேன். ஒரு அம்மா என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேண்டாங்க என்று சொன்னேன், கொஞ்சம் தாமதமாக.

ஊசி: ஐந்து பிரிட்ஜில் இருக்கின்றன. பிரிட்ஜ் நன்றாகத்தான் குளிர்கிறது.

ஏப்ரல் 25

நாற்பத்தெட்டாவது நாள். கடைசிப் பொட்டலம். வைத்தியருக்குப் போன் செய்தோம். மருந்து போதும், ஆனால் இன்னொரு நாற்பத்தெட்டு நாள் மறுபத்தியம் இருக்க வேண்டும் என்றார். தின்ற மருந்துக்கு ஒரு பத்தியம், தின்னாத மருந்துக்கு ஒரு பத்தியம்.

ஏப்ரல் 26

இவர் மார்க்கெட்டிலிருந்து பிஞ்சுக் கத்திரிக்காய் வாங்கிவந்து எண்ணெயில் வதக்கிக் குழம்பு வைத்துவிட்டார். "ஏனுங்க, மறுபத்தியம்" என்றேன். "ஒரே ஒரு துண்டு அரசி. வாய் செத்துப்போயிருக்கும்" என்றார். நான்கு துண்டு சாப்பிட்டேன். அமிர்தம்.

ஏப்ரல் 29

வாந்தி. எழுந்தால் தலை சுற்றுகிறது. கத்திரிக்காய் மேல் பழி.

மே 2

கடையில் விழுந்துவிட்டேன். வலது கால் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இடது கண்ணில் புகை.

மே 6

நான் சொல்லச் சொல்ல இதை இவர் எழுதுகிறார். ஆகையால் இன்று எல்லாம் நலம்.

மே 12

மதுரை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தாலும் என்னுடையது.

டாக்டரம்மா என் முகத்தைத்தான் முதலில் பார்த்தார், காலை அல்ல. "என்ன பொடி சாப்ட்டீங்க?" என்றார். நான் அந்தப் பெரியவரிடம் கேட்ட அதே தோரணை. அடுத்த கேள்வி, "ஊசி கடைசியா எப்ப போட்டீங்க?"

இவர் பக்கத்தில் நின்றிருந்தார். நான் ரகசியமாகப் போட்டுக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தாராம்; காலிக் குப்பி குப்பையில் இல்லையே என்று ஒரு தடவை தோன்றியதாம், கேட்கவில்லையாம்.

"மார்ச் ஏழு" என்றேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். ஐந்து நாள் டிரிப்பில் மருந்து ஏற்றினார்கள். என்ன மருந்து? ஸ்டீராய்டு. அளவு பார்த்து, சர்க்கரை பார்த்து, பிறகு படிப்படியாகக் குறைப்பார்களாம். கால் பழையபடி வருமா என்று கேட்டேன். "எவ்வளவு வருதுன்னு பாப்போம்" என்றார். எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அன்று படியில் நின்ற காலை நினைத்து அழுதேன். பத்துக்குப் பத்து.

மே 24

வீட்டில், வாக்கரோடு. பொட்டலங்களைப் போட்டு வைத்திருந்த டப்பாவில் ஒட்டியிருந்த பொடியைச் சுரண்டி ரெஜினாவுக்கு அனுப்பியிருந்தேன். என்னோடு படித்தவள், திண்டுக்கல்லில் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். இன்று போன் செய்தாள்.

"டெக்ஸாமெத்தசோன்டி. அதுவும் தாராளமா. உனக்கா தெரியாமப் போச்சு?"

ஸ்டீராய்டு. நாக்குக்குப் பழகிய கசப்பு. உடைந்த மாத்திரையைக் கையால் எடுத்துவிட்டு மறதியாக வாயைத் துடைத்தால் வருகிற கசப்பு. எனக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது என்றுகூட எழுதலாம். எழுதுகிறேன்: தெரிந்திருந்தது. கால் தூக்கியது, அதனால் தெரிந்துகொள்ளவில்லை. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 31

வைத்தியரோடு சண்டை போடப் போனேன். இவரை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, வாக்கரை ஊன்றி நானே உள்ளே போனேன். வாசலிலிருந்து அவர் நாற்காலி வரை எட்டு நிமிடம். கோபம் அதுவரை ஆறாமல் இருந்தது பெரிய விஷயம்.

"பத்தியம் மீறுனீங்களா?" இதுதான் அவர் முதல் கேள்வி.

ரெஜினாவின் ரிப்போர்ட்டை மேஜையில் போட்டேன். அவர் பதறவில்லை. வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் கையைக் காட்டினார். சுவரோரம் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்கள், ஆயிரம் மாத்திரை பிடிக்கிறவை. ஒவ்வொன்றிலும் நீலச் சீட்டு. வேலரசி மெடிக்கல்ஸ், ஒட்டன்சத்திரம்.

"உங்க கடைச் சரக்குதானுங்கம்மா. நாலு வருசமா நம்ம ஆளு உங்ககிட்டத்தான் வாங்கறான். மாட்டுக்குன்னு சொல்லுவான். நீங்க ஒரு நாளும் டாக்டர் சீட்டுக் கேட்டதில்லீங்களே?"

உண்மை. வேனில் வருவான், மாட்டுக்கு என்பான், டப்பாவை எடுத்துக் கொடுப்பேன். ஒரு மாடு எத்தனை மாத்திரை தின்னும் என்று படித்தவள் நான் கேட்டதில்லை.

ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு வாக்கரைத் திருப்பினேன். திரும்பி வர எட்டு நிமிடம். இவர் கதவைத் திறந்துவிட்டு, "என்ன சொன்னாரு?" என்றார்.

"பத்தியம் மீறுனதுதான்னு சொன்னாரு."

இவர் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் குடுத்தேன்" என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 3

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 9

மறுபடி கடைக்கு வருகிறேன். வாக்கரை மடித்துக் கவுண்டருக்குக் கீழே வைத்துவிட்டு இவர் என்னை ஸ்டூலில் ஏற்றி உட்கார வைத்துவிட்டால் பழைய மங்கையர்க்கரசி. சனிக்கிழமை ஊசி தவறாமல் நடக்கிறது. இவர்தான் போடுகிறார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வேன்காரன் வந்தான். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றேன். சிரித்துவிட்டு இரண்டு கடை தள்ளிப் போனான். என் மனசாட்சி எழுந்திருக்க நான்கு வருடம் ஆனது. வேறு கடை காலை ஏழு மணிக்கே திறந்துவிடுகிறது.

புகார் எழுதலாம் என்று காகிதத்தை எடுத்தேன். 'மாத்திரை வாங்கிய இடம்' என்ற வரியோடு நிற்கிறது.

ஜூன் 15

வீடியோவை எடுக்கச் சொல்லி வைத்தியருக்கு நான்கு முறை போன் செய்தாயிற்று. எடுக்கவில்லை. இந்த வாரம் ஆறு பேர் வந்தார்கள். "நெசமாங்க?" என்று கேட்டார்கள். "ஒவ்வொரு ஒடம்பும் ஒவ்வொரு மாதிரிங்க" என்று சொல்லி அனுப்பினேன். எழுந்து நிற்கவில்லை. பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு மதிப்பெண் போட இந்த டைரியில் இடமில்லை.

இவர் மதியச் சாப்பாட்டை என் தட்டில் போடுமுன் ஒவ்வொரு காயையும் காட்டி, "இது சாப்பிடலாமா?" என்று கேட்கிறார். மே மாதத்திலிருந்து இப்படித்தான். சாப்பிடலாம் என்கிறேன். நம்புவதில்லை.

ஜூன் 21

ஞாயிறு, ஊசிக் காய்ச்சலோடு கடையில் இருந்தேன், மதியம் பன்னிரண்டு இருக்கும். தாராபுரத்திலிருந்து ஒரு அம்மா, கூடவே மகள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. அந்தப் பெண் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது பாதத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தாள். அந்தத் தேய்ப்பைச் சத்தத்திலேயே எனக்குத் தெரியும். தலையைத் தூக்காமலே தெரிந்தது.

அந்த அம்மா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் படியேறிக்கொண்டிருந்தேன். "இந்தம்மா கடை எங்கீங்க இருக்குது? பேசணுமுங்க." முக வீக்கம் வடிந்துவிட்டதால் என்னை அடையாளம் தெரியவில்லை.

"எதுக்குங்க?"

"எம்புள்ளைக்கும் இதே வியாதிங்க. வாரா வாரம் ஊசி, வாரா வாரம் காச்சல். நாளைக்கு வைத்தியர்கிட்டப் போறோம். ஊசிய நிறுத்திட்டு வாங்கன்னுட்டாரு. அதுக்கு முன்னால இந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு."

ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்ற வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் கவுண்டர் கண்ணாடியில் கையை ஊன்றி நின்றிருந்தாள், விரல்களை விரித்து, மரத்துப்போன விரல்களை ஊன்றுகிற விதத்தில்.

"அது நாந்தாங்க" என்றேன்.

கவுண்டருக்குக் கீழிருந்து வாக்கரை எடுத்து விரித்தேன். இவர் ஓடி வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஸ்டூலிலிருந்து இறங்கி, கவுண்டரைச் சுற்றி, அவர்களுக்கு முன்னால் வந்து நின்றேன். வந்து நிற்பதற்குள் ஒருவர் மாத்திரை வாங்காமலே போய்விட்டார். எவ்வளவு நேரம் ஆகிறதோ ஆகட்டும், பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன். காலைக் காட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்று ஒரு நப்பாசை.

அந்த அம்மா என் காலைப் பார்த்தார், வாக்கரைப் பார்த்தார். பாவப்பட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"பத்தியத்த மீறிட்டீங்களா சாமி?"

நான் பதில் சொல்லுமுன் கல்லாப் பக்கத்திலிருந்து இவர் குரல் வந்தது. "நாந்தாங்க கத்திரிக்கா போட்டேன். என் தப்புங்க. அவ மேல ஒண்ணுமில்ல." ஊர் பேர் தெரியாத ஒரு அம்மாவிடம், கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல் நின்று சொன்னார். அந்த அம்மா புரிந்ததுபோல் தலையசைத்து, "நாங்க கவனமா இருந்துக்கறமுங்க" என்றார், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"பத்தியமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கத்திரிக்கா ஒண்ணும் பண்ணல. அந்தப் பொடில ஸ்டீராய்டு மாத்திரைய இடிச்சுக் கலக்கறான். அதுதான் என்னயப் படியேத்துச்சு, அத நிறுத்துனதும் கீழ தள்ளுச்சு. நான் ஊசிய நிறுத்துனது நானா செஞ்ச தப்பு. அந்த மாத்திரை எங்கிருந்து போச்சு தெரியுமுங்களா? இந்தக் கடைலருந்து. நாலு வருசமா நாந்தான் டப்பா டப்பாவா எடுத்துக் குடுத்தேன். ஒரு கேள்வி கேக்காம."

கடையில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். இவருக்கும்தான் சொன்னேன், மூன்று வாரம் கழித்து, முதல் தடவையாக. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடைசியா ஊசி எப்ப போட்ட கண்ணு?" என்று கேட்டேன்.

"நேத்துங்க" என்றாள். "நிறுத்தோணுமுன்னு எனக்கு இஷ்டமில்லீங்க." அவள் அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சொல்லி அவர் முதல் தடவையாகக் கேட்பதுபோல் இருந்தது.

வாக்கரின் மேல் சாய்ந்துகொண்டேன். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். இவர் அதை என் காலுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. எவ்வளவு நாளைக்குப் பேசமாட்டார் என்று தெரியவில்லை. ஆனால் நான் உட்காரும் வரை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.